பத்துக்கு ஆறு, மிச்சம் எட்டு

பீரோவின் மேல்தட்டைத் துடைக்கும்போது தலையில்லாத பீங்கான் சிப்பாய் ஒன்று உருண்டு என் காலில் விழுந்தது. செத்தும் என்னை நிம்மதியாக இருக்கவிடமாட்டாயா நீ?

விருத்தாசலத்தில் நான் எம்.பில். ஆய்வேட்டோடு மல்லுக்கட்டிய வருடம் அது. இரண்டு படைகள் மோதினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று சமன்பாட்டில் சொல்வதுதான் தலைப்பு. நீ பட்டாளத்திலிருந்து திரும்பி, செராமிக் பட்டறையில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தாய். கேட்காமலே, சூளையில் கீறல் விட்ட சிப்பாய்களைப் பை நிறைய அள்ளிவந்து என் மேசையில் கொட்டினாய்.

ஒரு பக்கம் பத்து, எதிர்ப்பக்கம் ஆறு என்று நிறுத்தி விளக்கினேன். எண்ணிக்கையின் வர்க்கம்தான் படையின் பலம். நூறில் முப்பத்தாறு போனால் அறுபத்து நான்கு, அதன் வர்க்கமூலம் எட்டு. ஆறு பேரும் விழும்போது பத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள். நீ சிரித்தாய்.

"எட்டா? ரெண்டு பேரு உழுந்துட்டாங்கல்ல, அவுங்கள தூக்க ஆளு வேணாமா? தூக்குறவன் எப்டிடா சுடுவான்?"

"கணக்குல அதெல்லாம் கெடையாதுடா."

"அப்ப கணக்கு தப்பு."

அதன்பிறகு டீக்கடையிலும் வேப்பூர் பஸ்ஸிலும் அதே பேச்சு. உன்னுடையது உடும்புப் பிடி. தொல்லை தாங்காமல், தூக்குகிறவர்களுக்கென்று சமன்பாட்டில் ஓர் உறுப்பைச் சேர்த்தேன். தீர்வு வரவேயில்லை. கெடு முடிய நான்கே நாள். தவறினால் கல்லூரியில் கிடைக்கவிருந்த வேலையும் போய்விடும். டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து உன் பக்கங்களை எடுத்துவிட்டு, பழைய எட்டையே வைத்துச் சமர்ப்பித்தேன். பட்டமும் வேலையும் கிடைத்தன.

"நான் சொன்னத போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பிரதி வாங்கினாய்.

"போட்டுட்டேன்" என்றேன்.

"இதுல நம்ம கணக்கும் இருக்குது" என்று பட்டறை முழுக்கக் காட்டினாய்.

டீயில் சர்க்கரை போட்டாயிற்று என்றால்கூடக் குடித்துப் பார்த்துத்தான் நம்புகிறவன் நீ. அந்த ஏட்டை மட்டும் ஏனடா புரட்டிப் பார்க்கவில்லை? பார்த்திருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதானே. நானும் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டபடியே இருந்தேன். அதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாய்.

உன் கருமாதியன்று உன் மனைவி அதே பிரதியை என்னிடம் நீட்டினாள். "அவரு சொன்னது எந்தப் பக்கத்துல இருக்குதுங்கண்ணா? புள்ளைங்களுக்குக் காட்டணும்."

கைக்கு வந்த ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதன் முனையை மடித்து வைத்துக்கொண்டாள். அந்த மடிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது, போடா.