அப்பா துடைக்கும் கண்ணாடி

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கதை வந்த பத்திரிகை கிடைத்தது. நன்றாக இருக்கிறது. அம்மா போன பிறகும் அப்பா தினமும் காலையில் அவளுடைய மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மேசைமேல் வைப்பதை அப்படியே எழுதியிருக்கிறாய்.

என் நாவலின் ஏழாம் அத்தியாயமும் அதுதான். எழுதி நான்கு வருஷம் ஆகிறது. பதிப்பாளரைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. அச்சுக்குப் போகிற நேரத்தில் அவர் உன் கதையைப் படித்துவிட்டார்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதானே சார்," என்றேன்.

"அது எனக்குத் தெரியும். படிக்கிறவன் தங்கச்சிகிட்ட சுட்டதுன்னுதான் சொல்லுவான்."

அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இப்போது நாவலில் வரும் அப்பா, கண்ணாடியை யாருக்கோ கொடுத்துவிடுகிறார். ஒரே வரி. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

நீ போன் செய்தபோது எடுக்காதது வேலையால்தான்.

இன்று காலையும் அப்பா என் எதிரே உட்கார்ந்து துடைத்தார். உன் கதையைப் பார்த்துக் காப்பியடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "போதும்ப்பா, வைங்க," என்றேன்.

ஒரு பக்கம் துடைக்காமலே வைத்துவிட்டார்.

அண்ணன்