கவிழ்க்காமல் அனுப்பிய தட்டு

காலையிலிருந்து சோப்பு போட்டுக் கழுவுகிறேன், கையை விட்டு ஜவ்வாது வாசனை போகவில்லை, ஜமீன். உன் வீட்டு வெள்ளித் தட்டைத் தொட்ட கை. பிளவுஸ் துணியை எடுத்தாலும் அதே வாசனை, சோற்றைப் பிசைந்தாலும் அதே வாசனை.

உன்னை ஜமீன் என்று கூப்பிட ஆரம்பித்தது நான்தான். பாரிவாக்கத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை, என்னைக் கட்டிக்கொண்டபின் அம்பத்தூர் லேத்துப் பட்டறையில் இரும்பு கடைந்துவிட்டு எண்ணெய்ச் சட்டையோடு வருவாய். "ஜமீன் நகர்வலம் முடிச்சிகினு வர்றாரு, வழி உடுங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவேன். நீ சிரிப்பாய். அந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

நிலம் ரத்தத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். அத்தை மகன், மாமன் மகள், அதற்குள்தான் கல்யாணம். மீறினால் பங்கு கிடையாது. மாமன் மகளுக்காக உன் முன்னால் தட்டு வைத்தார்கள். பூந்தமல்லியில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த எனக்காக நீ மாட்டேன் என்றாய். "தட்டக் கவுத்துட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாய்.

"சோத்துத் தட்டா? அப்ப பசியோட வந்துகீற" என்றேன். எனக்கு எல்லாமே வேடிக்கை.

அன்று உன் அப்பா அனுப்பிய ஜீப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை நம் பின்னாலேயே வந்தது. கோவில்பதாகையில் உன் சிநேகிதன் வீட்டில் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்தாய். உன் கைதான் அதிகம் நடுங்கியது. "கை நடுங்கலாம், பரவால்ல. கால் நடுங்கக் கூடாது" என்றாய். அதையும் கிண்டல் பண்ணினேன்.

நீ கண்ணை மூடி வருஷம் திரும்புவதற்குள் உன் அக்கா நம் வீட்டுக்கு வந்தார். என்னைத் தையக்காரி என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிடாதவர், "இந்தாம்மா" என்று தோளைத் தொட்டார். வெள்ளித் தட்டில் வெற்றிலை, பழம், பட்டுப் புடவை. அவர் மகனுக்கு நம் பாப்பாவைக் கேட்டார். நடுவீட்டில் தட்டை வைத்துவிட்டு, ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

எனக்குப் புரியாமல் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் நெல் விளைந்த உங்கள் நிலமெல்லாம் இன்று குடோன். நீ எதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. உன் பங்கு எனக்கும் பாப்பாவுக்கும் வரும் என்று வக்கீல் யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார். பாப்பாவைக் கட்டிக்கொண்டால் வெளியே போன பங்கு உள்ளேயே திரும்பிவிடும். பாப்பாவோ, கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையனைத்தான் கட்டுவேன் என்கிறாள். "நமக்கு அல்வாவுக்குப் பஞ்சம் இல்ல" என்று நானும் தலையாட்டியிருந்தேன்.

உன் அக்கா வீட்டு டிரைவர் வந்தார். புடவை, பழம் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தேன். "பாப்பாவுக்கு இஷ்டம் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிடு அண்ணாத்தே" என்றேன். பிறகு வழக்கப்படி தட்டில் ரெண்டு கை சர்க்கரை வைத்தேன். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட நான் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லையே!

மறுநாள் உன் அக்காவிடமிருந்து போன் வந்தது. "சர்க்கரை வந்து சேர்ந்துச்சு, சம்பந்தி. தை மாசமே வச்சுக்கலாம்."

"ஐயோ, நான் வேணாம்னுதானே சொல்லி அனுப்ச்சேன்?"

"வாயால சொல்றது எங்க வீட்டுல செல்லாதும்மா. தட்டு கவுந்து வந்தாத்தான் வேண்டாம்னு அர்த்தம். ஒரு மஞ்சக் கிழங்கு மேல இருந்தாலும் சம்மதம்தான். என் தம்பி சொல்லலையா?"

நீ சொல்லவில்லை, ஜமீன். பாதியைத்தான் சொன்னாய். மீதியைக் கேட்கவிடாமல் நான் சோத்துத் தட்டு என்று சிரித்தேன்.

அதற்குப் பிறகு தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்க ஆரம்பித்தது. பாப்பாவின் கம்பெனி வாசலில் அதே டிரைவர் கதவைத் திறந்துவைத்து, "அத்தை அனுப்பிச்சாங்க, ஏறுங்கம்மா" என்றாராம். அவள் ஓடி ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். அன்றிலிருந்து மெஷினை மிதித்தால் ஜீப் சத்தம் மாதிரியே கேட்கிறது.

இன்று காலை நாங்கள் இருவரும் பாரிவாக்கத்துக்குப் போனோம். கூடத்தில் உன் அக்கா, அவர் வீட்டுக்காரர், நாலைந்து ஆண்கள். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. பூஜை அறையில் தட்டு, அதில் என் சர்க்கரை, எறும்பு மொய்த்தபடி.

"எங்களுக்கு முன்னாடியே விருந்தாளி வந்துகீது பாருங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

தட்டை எடுத்து, சர்க்கரையை என் முந்தானையில் கொட்டிக்கொண்டேன். யாருக்குத் தட்டு வைத்தார்களோ அவர்கள்தானே கவிழ்க்க வேண்டும்? பாப்பாவிடம் நீட்டினேன். கதவுப் பக்கம் ஒருவன் நகர்ந்து நின்றான். அவள் குனிந்து தட்டைத் தரையில் கவிழ்த்தாள். அந்தக் கூடம் முழுக்க டங்கென்று கேட்டது.

"அப்பன் மாதிரியே" என்றார் உன் அக்கா. "கவுத்தவங்களுக்குப் பங்கு கிடையாது, தெரியுமில்ல?"

"அது உங்க வீட்டுச் சட்டம் அத்தை. நாட்டுல வேற சட்டம் இருக்கு" என்றாள் பாப்பா. மெதுவாகத்தான் சொன்னாள். கதவுப் பக்கம் நின்றவன் உன் அக்காவைப் பார்த்தான். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து நேராக வேலைக்குப் போய்விட்டாள், உன் மகள். இப்போது அவள் வரும் நேரம். கார் இன்னும் தெருமுனையில்தான் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு வரை போய் அவளைக் கூட்டிவர வேண்டும். செருப்பு வாரை மாட்ட முடியாமல் விரல் உதறுகிறது, ஜவ்வாது மணக்கிறது. கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஜமீன். காரைத் தாண்டித்தான் போகப் போகிறேன்.