மூன்று ஸ்க்ரூ மிச்சம்

மார்ச் 3, திங்கள்

காலையில் 148/90. நர்ஸ் இந்த டைரியைக் கொடுத்தது பிரஷர் எண்ணை எழுத மட்டும்தான். எண்ணை எழுதினால் மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. அதைக் காலியாக விட எனக்கு மனசு வராது.

இன்று மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வர மூன்று வாரம் ஆகும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தை, இந்த மூணு வாரமாவது நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கங்க. நான் இந்த வீட்டுக்கு மருமகளா தபால்காரியான்னு எனக்கே தெரியல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சொல்லிவிட்டாள். குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷமாக நான் என் மகனிடம் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே குளியலறை. "உன் புருஷனுக்கு இன்னொரு முட்டை வேணுமான்னு கேளும்மா" என்பேன். அவன் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பான். "வேணாம்னு சொல்லு" என்பான். இனி மூன்று வாரம் யாரைக் கேட்கச் சொல்வது?

மார்ச் 4, செவ்வாய்

சுவரைப் பார்த்து, "டீ ஆறிப்போகுது" என்றேன். சுவர் குடிக்கவில்லை. அவன் வந்து குடித்தான்.

மார்ச் 6, வியாழன்

எதற்குப் பேசுவதில்லை என்று எழுதியே வைக்கிறேன். நாளைக்கு என் தலை சாய்ந்தால் கிழவிக்குத் திமிர் என்று நாலு பேர் சொல்வார்கள்.

பேருந்து கடைசியாக நிற்கிற இடத்தில் இரட்டை வேலி போட்ட இடம் ஒன்று இருக்கிறது. அங்கே செய்வது அணுகுண்டு. எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "வேலிக்குள்ள வேலை" என்பார்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் வேலிக்குள் போய்வந்தார். என்ன வேலை என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "பாகம் சேத்துப் பூட்டுற வேலை" என்றார். அதற்கு மேல் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நானும் கேட்டதில்லை.

பிறகு நுரையீரலில் புற்று வந்தது. டாக்டர் கோடு போட்ட பச்சைச் சட்டை போட்டிருந்தார். "புகையாலயும் இருக்கலாம், வேலையாலயும் இருக்கலாம், சொல்ல முடியாதும்மா" என்றார். வாழ்நாளில் ஒரு பீடி தொடாத மனுஷன் என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பதினோரு வருஷம் ஆயிற்று. அந்தத் தலையாட்டல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அவர் போன அன்று, உடம்பு சூடு ஆறுவதற்குள், அப்பா நெஞ்சில் கை வைக்கச் சொல்லி மகனிடம் சத்தியம் வாங்கினேன். வேலிக்குள்ள மட்டும் போகாதே. "சரிம்மா" என்றான். ஐந்து வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நிற்கிறான். அதே நீலப் பட்டை. அவர் போட்டிருந்த அதே பட்டை.

அன்றைக்கு மூடிய வாய். இதில் என் தப்பு எங்கே இருக்கு? யாராவது சொல்லுங்க பாப்போம்.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் வந்தாள். பதினேழு வருஷத்துக்கு முன் என் கையெழுத்தைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கே" என்றவள். அதை மறக்கவில்லை, இருந்தாலும் டீ போட்டுக் கொடுத்தேன்.

செய்தியில் இரண்டு நாடு முறைத்துக்கொண்டு நிற்பதைக் காட்டினார்கள். இரண்டிடமும் குண்டு இருக்கிறது.

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறதாலதான் ஒருத்தனை ஒருத்தன் தொடமாட்டான். எண்பது வருஷமா பெரிய சண்டை வரலியே, யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

"எண்பது வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு ஊர் மேல போட்டாங்களே, அந்த ஊர்க்காரங்களை யோசிக்கச் சொல்லு."

"அதுக்கப்புறம் யாருக்காவது போடத் துணிச்சல் வந்துச்சா? அந்த பயம்தான் காப்பாத்துது."

"எங்க வீட்டு சிலிண்டர் நாப்பது வருஷமா வெடிக்கல. சிலிண்டர் நல்லதுன்னா? நான் தினமும் மறக்காம மூடறேன், அதனால. ஒரு நாள் மறந்தா?"

"நீங்க மறக்கற ஆளா!" என்று சிரித்தாள். அப்புறம் மெதுவாக, "அப்ப உங்க வீட்டுக்காரர் செஞ்சது தப்புங்கறீங்களா?" என்றாள்.

அவர் தப்பான ஆள் இல்லை. "நாங்க செய்றது வெடிக்கறதுக்கு இல்ல, யாரும் வெடிக்காம இருக்கறதுக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நம்பித்தான் சொன்னார். என் பிள்ளை போரைப் பார்க்காமல் வளர்ந்தான், அதுவும் நிஜம். ஆனால் அவரை எடுத்துக்கொண்டு போனதும் அதுதானே. அதை டீச்சர் எந்தக் கணக்கில் சேர்ப்பாள்?

மார்ச் 12, புதன்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்து.

"அம்மா, ஏப்ரல் ஏழாம் தேதி எனக்கு மாற்றல். ரயிலில் ஒரு பகல் தூரம். அங்கேயும் இதே வேலைதான். நீயும் வரணும். கீழ்த்தளத்து வீடாப் பார்த்திருக்கிறேன், உன் முட்டிக்குப் படியே இல்லை. வருவியா?"

நான் கீழே எழுதினேன்: "முட்டை தீர்ந்துவிட்டது."

மார்ச் 13, வியாழன்

இரண்டு டஜன் முட்டை. புதுச் சீட்டு: "வாங்கியாச்சு. வருவியா?"

மார்ச் 15, சனி

152/94. தூக்கம் சரியில்லை.

ஆறு வருஷமாக நானும் இவனும் ஒரு சண்டை போட்டதில்லை. ஒரு சத்தம் வந்ததில்லை. யார் முதலில் வாய் திறப்பது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். டீச்சர் கணக்குப்படி பார்த்தால் இதுவும் சமாதானம்தான். இந்த சமாதானத்தில் என் பிள்ளைக்குக் காதோரம் நரைத்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு அது தெரியவில்லை.

நான் கூடப் போகவில்லை என்றால் அவன் போய்விடுவான். சீட்டு ஒட்ட ஃபிரிட்ஜ்கூட இருக்காது. போனால் நான் தோற்ற மாதிரி. என்ன செய்யட்டும்?

அதே வேலையாம். அவர் நெஞ்சுக்குள் போன அதே தூசி. அதே நீலப் பட்டை.

மார்ச் 19, புதன்

இன்றைய சீட்டு: "இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கும்மா." பதில் எழுதப் பென்சிலை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையில் வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே படுக்கை விரிப்பு, தண்ணீரோடு. சுவரிடம் சொன்னேன். அவன் மெஷினை நகர்த்திப் பின்பக்கத்தைத் திருப்பினான். தரையில் வெள்ளைத் துணி விரித்தான். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஒரு வரி வாயால் படிக்கிறான், எழுந்து போய்ச் செய்கிறான், கையெல்லாம் அழுக்கு, முழங்கையால் பக்கத்தைத் திருப்புகிறான், மறுபடி படிக்கிறான்.

இது அவர் பழக்கம். வேலிக்குள் போகிற எல்லோருக்கும் வருகிற பழக்கம். அங்கே ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் செய்துவிட்டு "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது. அவர் வீட்டில் ரேடியோவைத் திறந்தாலும், மின்விசிறியைப் பிரித்தாலும் என்னைத்தான் படிக்கச் சொல்வார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி காத்திருப்பார். ஒரு நாளும் "சீக்கிரம்" என்று சொன்னதில்லை. இன்றைக்கு நான் டைரி எழுதுகிறேன் என்றால், இந்த எழுத்து அப்படி வந்ததுதான்.

இவனுக்கு மருமகள் படிப்பாள். இப்போது அவளும் இல்லை. தனியாகப் படித்துத் தனியாகச் செய்துகொண்டு... பார்க்க முடியவில்லை. போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நாலாவது. பின்பக்க மூடியின் ஆறு ஸ்க்ரூக்களையும் கழற்றவும்."

ஆறு வருஷம் கழித்து என் பிள்ளையிடம் நான் பேசியது இதுதான்.

அவன் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது. ஆறையும் கழற்றிவிட்டு, "கழட்டியாச்சு" என்றான். பிறகு, "அஞ்சாவது படி" என்றான்.

படித்தேன். எவ்வளவு அழகாகக் கழற்றுகிறான்! ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு காகிதப் பொட்டலம், மேலே எண். கை எதிலும் இடறவில்லை. உள்ளே ஒரு காலுறை சிக்கியிருந்தது. என்னுடையதுதான். எடுத்தான்.

திரும்ப மாட்டும்போதுதான் கூத்து. எதை முன்னால் வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறான். மூடியைத் தலைகீழாக வைக்கிறான். நான் ஒரு வரியை நாலு தடவை படித்தேன். எல்லாம் மூடிய பிறகு பார்த்தால் துணியில் மூன்று ஸ்க்ரூ மிச்சம்.

"உங்கப்பா கண்ணை மூடிட்டு மாட்டுவாரு" என்றேன்.

"எனக்கு மாட்டிப் பழக்கமே இல்லம்மா" என்றான். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

முப்பத்தோரு வருஷம் ஒரு பூட்டுகிறவரோடு வாழ்ந்தவள் நான். பூட்டுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமாக வேலிக்குள் போகிறவனுக்கு ஒரு மூடியை மாட்டத் தெரியவில்லை. கழற்ற மட்டும் இப்படித் தெரிகிறது.

"அப்ப நீ அங்க..."

"கேக்காதம்மா. சொல்லக்கூடாது. அப்பா என்ன சொன்னாரோ அதை மட்டும் சொல்றேன்." துணியிலேயே உட்கார்ந்தான். "ஆஸ்பத்திரில, நீ மருந்து வாங்கப் போயிருந்தே. 'நாங்க பூட்டினது எல்லாம் பழசாகும்டா. ஒரு நாள் பிரிப்பாங்க. அவசரக்காரன் கையில அது போயிடக் கூடாது. நீ பொறுமைக்காரன். ஆள் எடுக்கறப்போ நீ போ'ன்னார். சரின்னேன். நாலு நாள் கழிச்சு உன்கிட்டயும் சரின்னேன்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?"

"எங்க சொல்ல விட்டே? அட்டையைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே. இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கே."

அழுதேனா, சிரித்தேனா, தெரியவில்லை. அவன் தலையில் கை வைத்தேன். நரைத்த பக்கம்.

மார்ச் 24, திங்கள்

132/84. நர்ஸ் நம்பமாட்டாள்.

ஆஸ்பத்திரியில் நான் மருந்து வாங்கப் போன அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தேன். மருந்துக் கடையில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஒரு அம்மா இடையில் புகுந்தாள், நான் சத்தம் போட்டேன். அவள் புடவை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. திரும்பி வர நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷம் கட்டில் பக்கத்தில் நடந்தது மட்டும் என்னிடம் இல்லை. அது இல்லாமலே ஆறு வருஷம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

சாகப்போகிற நேரத்தில் பிள்ளையிடம் சொன்ன மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை விடுவதாக இல்லை. ஒரு வாரம் அவர் படத்தோடு பேச்சு கிடையாது.

மருமகள் வந்துவிட்டாள். நாங்கள் பேசுவதைக் கேட்டுப் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். "அப்ப என் வேலை போச்சா?" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

டீச்சர் துருவினாள். "ராசியாயிட்டீங்களாமே, எப்படி?" மெஷின் ரிப்பேர் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் வேலிக்குள்ளிருப்பவள் மாதிரி ஆகிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று நேராகவே கேட்டேன். "டீச்சர் சொல்றது சரியாடா? அது இருக்கறது நல்லதுதானா?"

தேநீரைக் கீழே வைத்தான். "அப்பா நம்பினதைப் பொய்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. ஆனா ஒண்ணைத் தொடறதுக்கு எங்களுக்கு நூத்துக்கணக்குல விதி. பட்டனை அமுக்கறவனுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. அதை நெனச்சாதான் பயம்."

"எல்லாத்தையும் பிரிச்சிடுவாங்களா?"

எழுந்து மேசையைத் துடைத்தான்.

"பழசை எடுக்கறது புதுசுக்கு இடம் பண்ணவா?"

கையெழுத்துப் போட்டவன், சொல்ல மாட்டான். ஆனால் முகம் வாடிப்போயிற்று. மேலே கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பயத்தை வைத்துக் காவல் காக்கிற வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்த வீட்டில் நான் காத்தேன், எனக்குத் தெரியும். பிரிப்பதிலும் அதே தூசிதான் இருக்கும். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் எழுதித் தரவில்லை. இருந்தாலும் யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றித்தானே ஆக வேண்டும்? அது என் பிள்ளையாக இருக்க வேண்டுமா என்று வயிறு கேட்கிறது. வேறு யார் பிள்ளையாக இருக்கட்டும் என்று நானே அதைத் திருப்பிக் கேட்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர் படத்தைப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஒரு வாரக் கெடு முடிந்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

134/82. இந்த ஊர் நர்ஸ் வாயாடி.

வீட்டுக்குப் படி இல்லை, உண்மைதான். வெயிலும் இல்லை. துணி காய இரண்டு நாள் ஆகிறது. அதைச் சொல்லிக் காலையில் அவனிடம் ஒரு சண்டை. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு இன்னொன்று. "வாய் திறந்தாலும் திறந்தே, மூட மாட்டேங்கறியேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

இப்போது மாலை மணி ஐந்தரை. அவன் திரும்பி வரும் பேருந்து ஐந்து நாற்பதுக்கு. இரண்டு நாளாக லேசாக இருமுகிறான், குளிர் காற்று என்கிறான். டாக்டரிடம் போகாமல் இழுத்தடிக்கிறான். வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வந்ததும் மூன்றாவது சண்டையைத் தொடங்க வேண்டும்.