டவர் இல்லாத இரண்டு நாளில் தேடிய சொற்கள்

செவ்வாய், ஆடி 4. நெடுந்தீவு.

உறுதியானது: தீவின் டவர் நேற்றுப் பின்னேரத்திலிருந்து வேலை செய்யவில்லை. சொன்னவர் இறங்குதுறைக் கடைக்காரர். ரீலோட் கேட்டு வந்த நாலு பேரை என் கண்முன்னாலேயே திருப்பி அனுப்பினார். திருத்துபவர் கடல் தாண்டி வர வேண்டும். சோழகக் காற்று பலம். காலையில் குறிகட்டுவானிலிருந்து நான் வந்த படகுதான் கடைசி. இனிக் காற்று விழுந்த பிறகு.

படகில் சத்தி எடுத்தேன். பிரஷருக்குப் போடும் குளிசை நாலுதான் கையில்.

வந்தது பத்திரிகைக்குக் குடிதண்ணீர்ச் செய்தி எடுக்க. கூடவே தங்கச்சியின் மகள் வதனியைப் பார்க்க. கலியாணம் முடிந்து ஒன்பது மாதம். புருஷன் சுதன் ஒரு மாதம் நின்றுவிட்டு ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டான். டொச், அதாவது ஜேர்மன் மொழிச் சோதனை சித்தியடைந்தால்தான் இவளுக்கு விசா. அதுவரை இங்கே மாமியாரோடு. அடுத்த கிழமைச் சனி, கொழும்பில் சோதனை.

மாமியார் வாசலிலேயே தொடங்கிவிட்டார். "வாங்கோ அண்ணை. மருமேள் இண்டைக்குப் படிக்கேல்ல. டவரோட சேந்து அவவின்ர மூளையும் நிண்டிட்டுது."

"டவர் இல்லாட்டியும் அகராதி வேலை செய்யும் மாமி. போனுக்கை இறக்கி வைச்சிருக்கு."

"அப்ப நீர் படிச்சனீரெண்டு மகனுக்கு என்னெண்டு தெரியும்?"

விளக்கம், சாப்பிடும்போது மாமியார் பெருமையாகச் சொன்னது: போன் சுதன் அனுப்பியது. அகராதியும் அவன் எடுத்துக் கொடுத்தது, அவன் பெயரில் கணக்கு. இவள் இங்கே ஒரு சொல்லைத் தேடினால் அங்கே அவன் போனில் பட்டியலாக விழும். பின்னேரம் எடுத்துக் கேட்பான். "என்ன, இண்டைக்குக் குறைவு? காய்ச்சலோ?"

வதனி எனக்கு இன்னொரு பாரை மீன் துண்டு வைத்தாள். மெலிந்திருக்கிறாள்.

புதன்.

காற்று அப்படியே. மூன்று கிணறு பார்த்தேன். மூன்றும் உப்பு. குறிப்பு அரைப் பக்கம். செருப்பு வார் அறுந்தது.

மாமியார் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போனதும் வதனி ஒரு கொப்பியோடு வந்தாள். முன்பக்கங்களில் பாடம். கடைசிப் பக்கத்தில் எட்டு வரி டொச், அவளுடைய கையெழுத்தில். போன கிழமை போனுக்குச் செய்தியாக வந்ததாம். அனுப்பியது ஒரு ஜேர்மன்காரி, சுதனோடு முன்னர் ஒரே வீட்டில் இருந்தவள். இவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனில் அழித்துவிட்டாள். பாதி விளங்குகிறது, பாதி இல்லை. முழுவதையும் ஒன்றாக மொழிபெயர்க்க இணையம் வேண்டும். இணையம் என்றால் அவன் பார்ப்பான் என்ற பயம். ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடலாம். அதையும் அவன் பார்ப்பான். ஒரு கிழமையாக அந்த எட்டு வரியையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்ப டவர் இல்லைத்தானே மாமா. தேடினா அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை. சிக்னல் இல்லாமல் என்னெண்டு போறது?"

எனக்கு இதைச் சொன்னவர்: யாழ்ப்பாணத்தில் போன் திருத்தும் ஒருவர், எப்போதோ, வேறு எதையோ பற்றிப் பேசும்போது. ஒரே ஆள். சரிபார்க்கவில்லை. "டவர் வரட்டும், என்ரை போனிலை பாப்பம்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பொறுத்தால் போதும். சொல்லவில்லை. எனக்கும் அறிய அவசரம்.

தேடிய சொற்களின் தமிழ், அவள் எழுதியபடி:
திறப்பு
வெளிப்பக்கம்
நிலவறை
பல்
அயலவர்
நீதிமன்றம்

வரி வரியாகச் சேர்த்தோம். கதவை வெளிப்பக்கத்தால் திறப்புப் போட்டுப் பூட்டினான். இரண்டு நாள் நிலவறையில். பல் அப்போது போனது. அயலவர் பொலிசைக் கூப்பிட்டார். நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது.

கடைசி வரி டொச்சில் இரண்டே சொல். அதற்கு அகராதி தேவைப்படவில்லை. முதலாம் பாடத்திலேயே இருக்கிறதாம். வராதே.

வதனி கொப்பியை மூடி அரிசி வாளிக்குள் வைத்தாள். பிறகு உலை வைத்தாள்.

வியாழன்.

டவர் பத்து மணிக்கு வந்தது. காற்று சற்றுக் குறைய, திருத்துபவரைக் கடற்றொழிலாளர் ஒருவரின் வள்ளத்தில் ஏற்றிவந்தார்கள். உறுதி: என் போனிலேயே ஏழு செய்தி வந்து விழுந்தது. ஐந்து விளம்பரம்.

வதனி கிணற்றடிக்கு ஓடி வந்தாள். "மாமா, அனுப்பிப் போட்டுது."

"எது?"

போனைக் காட்டினாள். அகராதியில் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றி நின்றிருந்தது. சிக்னல் இல்லாத நேரம் தேடியதையெல்லாம் போன் சேர்த்து வைத்திருந்திருக்கிறது. சிக்னல் கண்டதும் ஆறு சொல்லையும் ஒழுங்கு மாறாமல் அனுப்பிவிட்டது.

பின்னேரம் ஐந்தரைக்கு அழைப்பு. மாமியார் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"மாமாவும் நிக்கிறாராம். சுகமோ மாமா?"

"ஓம்."

"நல்லது. வதனி, டவர் இல்லாத நேரமும் படிச்சிருக்கிறீர். இப்ப கேக்கப்போறன். திறப்பு?"

"ஷ்லுசெல்."

"வெளிப்பக்கம்?"

"ட்ரவ்சன்."

"நிலவறை?"

"கெல்லர்."

"பல்?"

வதனி மேசைத் துணியின் மடிப்பை நேராக்கினாள்.

"பல் எண்டு கேட்டனான்."

"ட்சான்."

"அயலவர்?"

"நாஹ்பார்."

"நீதிமன்றம்?"

"கெரிஹ்ட்."

"ஆறும் சரி. கெட்டிக்காரி. உந்தச் சொல்லுகள் சோதினைக்கு வராது. இஞ்ச வந்தாப் பிறகு தேவைப்படும்."

குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. 'இல்லை' என்றோ 'பொய்' என்றோ ஒரு மறுப்பும் சொல்லவில்லை. மாமியார் சிரித்தார். விளங்கிச் சிரித்தாரா, மகனின் குரல் கேட்டாலே சிரிப்பாரா என்பது தெரியாது. அழைப்பு முடிந்ததும் போனை எடுத்துத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வதனியின் பாஸ்போர்ட்டும் அங்கேதான்.

நான் முழு நேரமும் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

வெள்ளி.

குளிசை ஒன்று மிச்சம். படகு நாளை ஓடும் என்றார் கடைக்காரர்.

தங்கச்சியைக் கூப்பிட்டேன், மேற்குக் கரையில் நின்று. எட்டு வரியையும் வாசித்துச் சொன்னேன். சுருவில் கிராமத்து வீட்டில் அவளுக்குப் பின்னால் ரீவி சத்தம்.

"பல்லுத்தானே அண்ணை. அங்க நல்ல டொக்டர்மார் இருக்கினம், கட்டலாம்."

"பூட்டி வைச்சவன்."

"அவள் வெள்ளைக்காரி. என்ன செய்தவளோ." பிறகு, "நீங்கள்தானே விசாரிச்சு, நல்ல பெடியன் எண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன்தான். ஜேர்மனியில் இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் ஒரே மாதிரி "தங்கமான பெடியன்" என்றார்கள். அந்த இருவரின் நம்பரையும் எனக்குத் தந்தது சுதனின் தாய். அப்போது அது உறைக்கவில்லை. ஒரு செய்திக்கு இப்படி மூலம் கொண்டுவந்த இளம் நிருபரை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

வதனியிடம்: "நாளைக்கு என்னோட வா."

"எங்க மாமா? அம்மா கதவு திறக்க மாட்டா. உங்கட வீட்டை வந்தா, அடுத்த நாள் அம்மாவே வந்து கூட்டிக்கொண்டு போய் இஞ்ச விடுவா."

ஆட்டுக்குக் குழை போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "சோதினையிலை பெயில் விட்டா?"

திரும்ப எழுத வைப்பான் என்றேன்.

"அதிலையும் விடுறன்."

சனி.

காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரி. படகு ஒன்பதுக்கு.

வழியனுப்ப இருவரும் வந்தார்கள். மாமியார் மீன் பார்க்கத் தள்ளிப் போனார். கால் மணி நேரம் கிடைத்தது. கொழும்புக்கும் மாமியார்தான் கூட்டிப் போகிறாராம்.

"கேளுங்கோ மாமா. பிழையாச் சொல்லிப் பாக்கிறன்."

மதிலோரம் நின்று கேட்டேன். திறப்பு?

"ஷ்லுசெல்."

"இல்லை. திருப்பிச் சொல்லு."

"கெல்லர்."

"நல்லது. பல்?"

"ட்சான்." வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை. வாய்க்குச் சரியானதுதான் முதலில் வருகிறது.

மாமியார் தூரத்திலிருந்து: "அண்ணை, கடைசி நேரமும் பாடமோ? நல்லாய்க் கேளுங்கோ, நல்லாய்க் கேளுங்கோ."

ஆறையும் மூன்று தரம் கேட்டேன். படகுக்காரர் கூப்பிட்டார்.

ஆசிரியர் பீடத்திலிருந்து செய்தி: டவர் திருத்தியாயிற்றாமே, அது வேண்டாம், கிணறு மட்டும் அனுப்பவும்.

நிலுவை: சோதனை வாற சனி. முடிவு அதிலிருந்து மூன்று கிழமையில். சொன்னவர் வகுப்பு ரீச்சர், வதனி வழியாக. ஆறில் இரண்டுதான் பிழையாக வருகிறது. இப்படியே போனால் சித்தியடைந்துவிடுவாள்.