புதன்கிழமை மதியம் வானொலியில் வாசிக்க வேண்டிய ஒரு செய்தி குறித்து

அனுப்புநர்:
ஹெர்மினியா கயூபான்,
கம்பளிப் பொருள் மற்றும் டயர் சங்கிலி வாடகைக் கடை,
பாலத்தடி, எல் ராடல்.

பெறுநர்:
திரு. ஓவிடியோ சால்தியாஸ் அவர்கள்,
மேயர்,
எல் ராடல் நகராட்சி.

பொருள்: கில்ச்சே மலைச்சரிவில் வரும் வியாழக்கிழமை வெடி வைத்துப் பனி இறக்கவிருப்பதை முந்தின நாள் மதியம் நகராட்சி வானொலியில் வாசிக்க உத்தரவிடக் கோருதல் – மலைக்குப் பின்னால் தனியாக இருக்கும் என் தம்பியின் உயிர் தொடர்பாக – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய மேயர் ஐயா,

வணக்கம். பத்திகளுக்கு எண் போட்டு எழுதினால்தான் மனு தங்கள் மேசைக்கு வரும் என்று அலுவலக எழுத்தர் சொன்னார். ஆகவே எண் போட்டிருக்கிறேன். தாங்கள் எண்ணைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கிழமையைப் பார்க்க வேண்டும். இன்று திங்கள். வெடி வியாழன்.

1. நான் பாலத்தடியில் கடை வைத்திருக்கிறேன். கம்பளிக் குல்லாய், கையுறை, பினியோன் கொட்டை விற்கிறேன். மலைக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு டயர் சங்கிலி வாடகைக்குத் தருகிறேன். சுற்றுலாக்காரர்கள் வந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். பனிச்சறுக்கு மையத்தை மூடச் சொல்லிக் கொடி பிடிக்கும் ஆள் நான் அல்ல. அப்படி நான் சொல்லித் திரிவதாக யாரோ தங்கள் காதில் ஓதியிருப்பதாகக் கேள்விப்பட்டதால் இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் தம்பி அபெலார்டோ கயூபானைத் தங்களுக்குத் தெரியும். இருவரும் ஒரே வகுப்பில் படித்தீர்கள். அவன் குளிர்காலம் முழுவதும் கில்ச்சே மலைக்குப் பின்னால், ஓடைக்கு அப்பால் இருக்கும் குடிசையில் செம்மறி ஆடுகளுடன் தங்குகிறான். குடிசை இருக்கும் இடம் பத்திரமானது, பனி அங்கே வராது. ஆனால் ஓடை உறைந்துவிட்டால் ஆடுகள் குடிக்கத் தண்ணீர் சரிவுக்கு நேர் கீழே உள்ள வெந்நீர் ஊற்றில் மட்டுமே கிடைக்கும். தினமும் காலை வெயில் ஏறியதும் ஆடுகளை அங்கே ஓட்டிப் போய்விட்டு வருவான். மலையுச்சியில் நின்று வெடி வைக்கும் மலைக்காவலர்களின் கண்ணுக்கு அந்த ஊற்று தெரியாது. நடுவில் ஒரு மேடு மறைக்கிறது.

3. அவன் இருக்கும் இடத்தில் தொலைபேசிக்கு டவர் கிடையாது. இருப்பது ஒரு பேட்டரி ரேடியோ. எங்கள் நகராட்சி வானொலியின் மதியச் செய்தி நேரத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், எந்தப் பாலத்துக்கு யார் குதிரை கொண்டு வர வேண்டும் என்று மலையில் இருப்பவர்களுக்கு அதில்தான் சொல்லுவார்கள். தங்கள் திருமணத்துக்கு எங்களை அழைத்ததும் அந்த வானொலிதான். கத்தியும் தட்டும் அவரவரே கொண்டு வரவும் என்று கடைசியில் சேர்த்துச் சொன்னார்கள், நாங்களும் கொண்டு வந்தோம். சரிவில் சேர்ந்த பனி தானாகச் சரிந்து ஆளை மூடாமல் இருக்க வெடி வைத்து இறக்கும் நாளுக்கு முந்தின மதியமும் அதே நேரத்தில்தான் அறிவிப்பார்கள். பழைய மலைக்காவலர் தலைவர் மலையிலிருந்து தாமே இறங்கி வந்து, அறிவிப்பைக் கொடுத்து, வாசித்து முடிக்கும் வரை வானொலி நிலையத்திலேயே மாத்தே தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வானொலி ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருள். மலையில் இருக்கும் எவரும் அதற்கு மேல் விசாரிக்க மாட்டார்கள். யாரிடம் போய் விசாரிப்பது? பனிச்சறுக்கு மையத்துக்குத் தலைநகரிலிருந்து வந்திருக்கும் புதிய நிர்வாகத்துக்கு இது விளங்கவில்லை.

4. இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அந்த மதிய நேரத்தைப் பனிச்சறுக்கு நிறுவனத்துக்குத் தாங்கள் குத்தகைக்கு விட்டீர்கள். வானொலிக் கோபுரம் பழுதாகிக் கிடந்தது, நகராட்சியில் வசதியில்லை என்பது எனக்கும் தெரியும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது அந்த நேரத்தில் வருவது பனி எவ்வளவு ஆழம், அவர்களுடைய புதிய கடைவீதியில் எந்தக் கடையில் தள்ளுபடி, மாலையில் எந்தப் பாட்டுக் குழு என்ற விவரங்கள் மட்டுமே. மக்கள் செய்திகளை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு வாசிக்கிறார்கள். வெடி ஞாயிற்றுக்காகக் காத்திருப்பதில்லை.

உள்ளூர்க் கடைகள் மனம் கோணக்கூடாது என்று எங்கள் கடைகளின் பெயரையும் இலவசமாக வாசிக்கிறார்கள். என் கடைப் பெயரும் வருகிறது. அது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

5. சென்ற மாதம் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, கில்ச்சே சரிவில் வெடி வைத்தார்கள். முந்தின நாள் வானொலியில் ஒரு வார்த்தை இல்லை. நிறுவனத்தின் செயலியில் மட்டும் போட்டிருந்தார்களாம். நான் ஒரு பெண்மணிக்குக் கையுறை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வந்தால், எதிரே காபிக்கடை வாசலில் நின்ற சுற்றுலாக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பனி புகையாக எழுந்து மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அடியில் ஆள் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் நான் ஒருத்தி. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, பாலத்தடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

6. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தம்பி உயிரோடு இருந்தான். பனிக்கு முன்னால் வந்த காற்றே அவனைத் தூக்கிப் பாறை ஓரத்தில் போட்டிருக்கிறது. மார்பு வரை புதைந்தவன் தன் கையாலேயே தோண்டி வெளியே வந்திருக்கிறான். வந்ததோடு நில்லாமல், ஒரு தகர வாணலியை வைத்துக்கொண்டு தன் குதிரையைத் தோண்டிக்கொண்டிருந்தான். குதிரையின் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. அது செத்து வெகுநேரம் ஆகியிருந்தது, அவன் நிறுத்தவில்லை. ஆடுகளில் பாதிக்கு மேல் பனிக்கு அடியில். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன.

ஏன்டா போனாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன், ஐயா. மனுவில் பேச்சு மொழி எழுதக்கூடாது என்றால் மன்னிக்கவும்.

"ரேடியோ கேட்டுட்டுத்தானக்கா போனேன். வெடின்னு ஒண்ணுமே சொல்லலயே. ஒங் கடைப் பேருகூட வந்துச்சு, கையுறை புதுசா வந்திருக்குன்னு. சரி, அக்கா நல்லா இருக்கா, ஊர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

அன்றிலிருந்து என் கடைப் பெயர் வானொலியில் வந்தால் நான் அதை அணைத்துவிடுகிறேன்.

7. இதன் பிறகு நான் கதவைத் தட்டாத இடமில்லை. காவல் நிலையத்தில் பாதிக்கப்பட்டவர் நேரில் வந்தால்தான் புகார் எடுப்போம் என்றார்கள். மிஞ்சிய ஆடுகளை விட்டுவிட்டு அவன் இறங்கி வர மாட்டான். அவற்றுக்குத் தண்ணீர் காட்ட வேறு இடமில்லாததால் இப்போதும் அதே ஊற்றுக்குத்தான் போகிறான். நிறுவன மேலாளர் திரு. பஸ்தியான் எகான்யா என்னை உட்காரவைத்து மரியாதையாகவே பேசினார். "முந்தின நாளே ஆப்ல போட்டாச்சும்மா. அவரு பாக்கலைன்னா நாங்க என்ன பண்ணட்டும்?" என்றார். "அங்க டவரே கெடயாது சார், ஆட்டு மேல ஏறி நின்னாலும் வராது" என்றேன். சரி, அடுத்த முறை வெடி வைக்கும் முன் உங்கள் பனிவண்டியில் ஒருவரை அனுப்பித் தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். "எங்க எல்லைக்கு வெளிய வண்டி போகாதும்மா, இன்சூரன்ஸ் இல்ல" என்றார். "வண்டி வராது, சரி. உங்க பனி மட்டும் எல்லை தாண்டி வருதே, அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். நான் புறப்படும்போது கடைவீதியில் காபி குடிக்க ஒரு கூப்பன் கொடுத்தார். அதை இத்துடன் இணைத்துள்ளேன்.

8. நேற்றுப் பூசை முடிந்ததும் வானொலி நிலையத்துக்குப் போனேன். அறிவிப்பாளர் தெல்ஃபின் உர்ரா நல்ல மனிதர். வரும் வியாழன் காலை மறுபடி வெடி என்று அவர்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை குளிர்கால விடுமுறைக் கூட்டம் வந்து இறங்குவதற்குள் சரிவைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். புதன் மதியம் என் கடை விளம்பரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தம்பிக்கு ஒரு செய்தி வாசியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"எம் மேல கோவிச்சுக்காதீங்கக்கா. அவங்க எழுதித் தர்றதுல ஒரு வார்த்த மாத்துனாக்கூட மறுநாள் மைக் முன்னாடி வேற ஆளு ஒக்காந்திருப்பான். வெடி, பனிச்சரிவுன்னு காதுல விழுந்தாலே வர்றவன் ரூமக் கேன்சல் பண்ணிடுவானாம். அந்த ரெண்டு வார்த்தையும் வாய்ல வரக்கூடாதுன்னு ஆர்டர்" என்றார்.

அப்படியானால் ஞாயிற்றுச் செய்தியாக இப்போதே வாசியுங்கள் என்றேன். வாசித்தார், அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் தம்பி ரேடியோவைத் திறப்பதில்லை. பேட்டரி தீர்ந்துவிடும் என்று மதியம் மட்டும்தான் கேட்பான். அவனுக்குத் தெரிந்த செய்தி நேரம் அது ஒன்றுதான்.

9. நேற்று நண்பகலிலிருந்து விடாமல் பனி கொட்டுகிறது. புதன் காலைதான் நிற்கும் என்கிறார்கள். அதுவரை மலைக்குப் பின்னால் யாரும் போக வழியில்லை. புதன் நின்ற பிறகும், வெடி வைத்து இறக்கும் வரை சரிவுக்குக் கீழே நடப்பது உயிரோடு விளையாடுவது என்று மலைக்காவலர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

10. ஆகவே நான் கேட்பது சிறிய உதவி. வானொலி நகராட்சியினுடையது. குத்தகைக்கு விட்டது நேரத்தைத்தான், நிலையத்தை அல்ல. தாங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உர்ரா தைரியமாக வாசிப்பார். புதன் மதியம் வாசிக்க வேண்டியது இது:

"ஓடைக்கு அப்பால் இருக்கும் அபெலார்டோ கயூபானுக்கு. வியாழக்கிழமை காலை வெடி. ஆடுகளை வெளியே விடாதே. குடிசையிலேயே இரு. அக்கா."

இதைக் கேட்டு எந்தச் சுற்றுலாக்காரர் அறையை ரத்து செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. வெடி என்ற சொல்தான் உறுத்துகிறது என்றால் அதை எடுத்துவிட்டு, வியாழன் காலை வெளியே வராதே என்று மட்டும் வாசிக்கட்டும். என் தம்பிக்குப் புரியும். அவனுக்கு வேண்டியது அந்த நேரத்தில் ஒரு குரல். இனி வரும் ஒவ்வொரு வெடிக்கும் முந்தின மதியம் இவ்வாறே வாசிக்க நிரந்தர உத்தரவு பிறப்பிக்கவும் வேண்டுகிறேன். அதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். புதன்கிழமை நிதானத்துக்கு இடமில்லை.

இதற்கு மேல் எழுதுவதற்கு எண் போடவில்லை, ஐயா. இது கோரிக்கை அல்ல, தகவல்.

புதன்கிழமை மதியம் கடையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பேன். செய்தி வாசிக்கப்பட்டால் தங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பேன். வாசிக்கப்படாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மலைக்குப் பின்னால் நடக்கத் தொடங்குவேன். பாலத்தடியில் யாரையும் துணைக்குக் கூப்பிட மாட்டேன். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் போவேன். சரிவுக்குக் கீழே போகாமல் அந்தக் குடிசைக்குப் பாதை கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே.

நான் போய்ச் சேர்ந்துவிட்டால் தம்பிக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆனால் நான் சேர்ந்தேனா, வழியில் எங்காவது உட்கார்ந்துவிட்டேனா என்று ஊருக்குச் சொல்ல அங்கிருந்து எந்த வழியும் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் முன்பு, சரிவுக்குக் கீழே மனித நடமாட்டம் இல்லை என்று நிறுவனம் ஒரு சான்று தயாரித்துத் தங்கள் கையெழுத்துக்கு அனுப்புகிறது என்று எழுத்தர் சொன்னார். சென்ற மாதச் சான்றிலும் தங்கள் கையெழுத்து இருக்கிறதாம். அன்று தங்களுக்குத் தெரியாது. அதனால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வியாழன் காலை அந்தச் சான்று மறுபடி தங்கள் மேசைக்கு வரும். கீழே ஆள் இருக்கிறது. ஒருவர் அபெலார்டோ கயூபான். மற்றவர் ஹெர்மினியா கயூபான். இதை இன்று தங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, இம்மனுவின் நகலில் தங்கள் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று, அந்த நகலை என் மகளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இடம்: எல் ராடல்
நாள்: ஜூலை 8, திங்கட்கிழமை

தங்கள் ஒரு வரி உத்தரவுக்காக ரேடியோ பக்கத்தில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஹெர்மினியா கயூபான்