மதிலைத் தாண்டிப் போன கஞ்சி

அன்பு மகன் அஃப்னானுக்கு அம்மா எழுதுவது. உன் மேல் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே அத்தாவும் உன் தம்பி முஆஸும் நானும் நோன்பை விடாமல் பிடித்து வருகிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் பெட்டியில் நான் வைத்தனுப்பிய உப்புப் பாக்கெட்டை உடைக்காதே என்று முந்தாநாள் போனில் சொன்னதற்கு நீ சிரித்தாய். "நீதானம்மா தெருத்தெருவா கொண்டுபோய்க் குடுத்த, இப்ப இன்னா உப்புக்கே பயப்படற" என்றாய். அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், காரணத்தைச் சொல்ல முடியவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் யார் யாருக்கோ போய்விடும் என்று அவருக்குப் பயம். நம் தெருப் பையன் தஹ்ஸீன் நாளைக்கு நீ இருக்கிற தோஹாவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படி.

அந்த உப்பு கெட்டது இல்லை அஃப்னான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. எத்தனையோ ஊர்களில் கொடுத்துப் பார்த்து, பிரஷர் இறங்குகிறது, பக்கவாதம் குறைகிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்த பிறகுதான் சுகாதாரத் திட்டத்தில் எங்களைப் போன்ற பணியாளர்கள் மூலமாக நம் தெரு மாதிரி இடங்களுக்குக் கொண்டு வந்தார்கள். ஐஸ் வண்டியோடு தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்துக்குப் போய் வருகிற உன் அத்தாவுக்கு எந்த மாத்திரைக்கும் இறங்காத பிரஷர் இப்போதுதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது, பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கி இதயத்தைப் பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுத்தான் கொடுத்தோம். பக்கத்து வீட்டு இராமதாஸ் மாமா, மில் மூடின பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போனாரே, அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று உனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் பாக்கெட் வேண்டாம் என்று நானேதான் தள்ளி வைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, நோன்பு தொடங்கிய நாளிலிருந்து என் வீட்டுக் கஞ்சியில் அதே உப்பைப் போட்டு, எப்போதும் போல ஒரு சொம்பு மதிலுக்கு மேலே அவர் மனைவி சுடர்விழி அக்கா கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். உறைக்கவே இல்லை எனக்கு. டிகிரி படித்தவள், பயிற்சி எடுத்தவள், பத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். பாக்கெட் போகாத வீட்டுக்குக் கஞ்சி போகிறதே என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. மாமாவும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தங்கச்சி, நோன்பு உனக்கு, கஞ்சி எனக்கு, நல்ல பங்குதான்" என்று சிரிப்பார். தண்ணீர்கூட அளந்து குடிக்கிற மனுஷன், சாயங்காலத் தண்ணீரை விட்டுவிட்டு அதற்குப் பதில் நம் கஞ்சியைக் குடித்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா ஓடி வந்து, "நஜீமா, அவுருக்குக் காலு பஞ்சா துவளுது, எழுந்து நிக்க முடியல" என்று அழுதது. அத்தாவும் நானும்தான் ஆட்டோவில் ஏற்றிப் போனோம். ரத்தம் பார்த்தார்கள், பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது, உடனே டயாலிசிஸ் என்று உள்ளே கொண்டு போனார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்கிறார், அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "சத்தியமா சொல்றேன்மா, ஒரு வாழப்பழம் கண்ணுல காட்டல, எளநி பக்கம்கூட உடல" என்கிறது. அப்போதுதான் எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. அத்தாவைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போய், "தோ பாரு, நீ வாயத் தொறக்காத. கெட்ட எண்ணத்துலயா குடுத்தோம்? பாய் வூட்டுக் கஞ்சியாலதான்னு ஒரு பேச்சு கெளம்பினா அப்புறம் அத எவன் அள்ளுவான்" என்றார். உன் அத்தாவைத் தப்பாக நினைக்காதே, காலம் அப்படி இருக்கிறது, எனக்கும் அதே பயம்தான். ஆனால் சொல்லாமல் விட்டால் அவர் வீட்டுக்கு வந்ததும் மறுபடி யாராவது ஒரு கிண்ணம் கொடுப்பார்களே. நான் போய் அக்கா எதிரிலேயே டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தெனமுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதுனால மட்டும்னு சொல்ல முடியாது, ஆனா இதுவும் சேந்திருக்கு. சொன்னது நல்லது" என்றார். அக்கா மாமாவின் செருப்பை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் அறை வாசலுக்குப் போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை.

மாமாவுக்கு இப்போது அளவு இறங்கியிருக்கிறது, இதயத் துடிப்பு இன்னும் சரியில்லை என்று மானிட்டரோடுதான் வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் செந்தமிழ்ச்செல்வி மேடத்திடமும் சொல்லிவிட்டேன். "வூட்ல யாருக்கு கிட்னி கோளாறுன்னு கேட்டோம், உங்க சாப்பாடு எந்த வூட்டுக்குப் போவும்னு கேக்கலியேம்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போது அதைத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன். சிலர் கதவைப் பாதிதான் திறக்கிறார்கள். எதிர் வீட்டு ஆயம்மாவுக்கு இந்த உப்பால்தான் தலைசுற்றல் நின்றது, அப்படியிருந்தும் பயத்தில் பாக்கெட்டைத் தூக்கி வந்து என் கண் எதிரிலேயே சாக்கடையில் கொட்டியது. இனி அதற்குப் பிரஷர் ஏறி ஏதாவது ஆனால் அதுவும் என் தலையில்தான். வேலை போனாலும் போகட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும்.

அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். உங்கள் அறையில் இருக்கிற கடலூர்க்காரர் கோபிநாத், வெயிலில் வேலை செய்து கிட்னி பழுதாகி மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீதான் ஒருநாள் சொன்னாய். உன் முறைக்குச் சமைக்கும்போது அந்த உப்பு ஒரு சிட்டிகைகூட விழக் கூடாது. ஏற்கெனவே உடைத்துவிட்டாய் என்றால் அம்மாவிடம் மறைக்காதே, அவரை இன்றைக்கே ரத்தம் பார்க்கச் சொல், விஷயத்தையும் சொல்லிவிடு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அல்லாஹ் உன்னையும் உன் கையால் சாப்பிடுகிறவர்களையும் காப்பாற்றட்டும். நோன்பு திறக்கும்போது இராமதாஸ் மாமாவுக்காக துஆ செய். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன் அம்மா
நஜீமா

இதை மடிக்கப் போனவள் மறுபடி எழுதுகிறேன். அக்கா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்து போயிருக்கிறது. நம் சொம்பைக் கழுவி மதில் மேல் வைத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையோ ஒரு பிடி சர்க்கரையோ போடாமல் அது அந்தச் சொம்பைத் திருப்பித் தந்ததே இல்லை. எட்டிப் பார்த்தேன், காலியாக இருந்தது. இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.