பாதிப் பாடம் படித்தவன்

அன்புக் காதரு, என் தோளில் கை போட்டு நடந்தவனே,

நாலாம் முறையும் போச்சுடா. இன்று காலை பேப்பரில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவர்கள் நம்பர் வந்தது. எனக்கு முந்தின நம்பர் இருக்கிறது, பிந்தின நம்பர் இருக்கிறது, நடுவில் நான் இல்லை. அச்சுப்பிழையாக இருக்குமோ என்று பக்கத்துக் கடைக்குப் போய் அதே பேப்பரை இன்னொரு பிரதி வாங்கிப் பார்த்தேன். என் புத்தியைப் பார்த்தாயா?

கணக்குதான் காலை வாரியிருக்கும். வேறு எது?

எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பின் முதல் நாள் நினைவிருக்கிறதா? ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இந்த வருஷம் என்ன சாதிக்கப் போகிறாய், பிறகு என்ன ஆகப் போகிறாய், எழுது என்றார் வாத்தியார். நீ கொஞ்சமும் யோசிக்காமல் 'ஓவர்சியர்' என்று எழுதினாய். கடப்பாக்கத்து உப்பங்கழிக்குக் குறுக்கே ஒரு பாலம் போடுவேன், எங்கள் ஊர் சனம் இனிமேல் படகுக்குக் காத்திருக்காது என்றாய். நான் உன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு 'வாத்தியார்' என்று எழுதினேன். மகாபலிபுரத்தில் கோயிலுக்குப் பூக்கட்டுகிற எங்கள் வீட்டில் அதுவே பேராசை.

செங்கல்பட்டு பஜாரில் உன் மாமாவின் ஜவுளிக்கடை மாடியில்தான் இருவரும் தங்கினோம். இரண்டு பேருக்கும் ஒரே செட் புத்தகம். தினமும் இழுபறி. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனையைச் சொன்னாய்.

"இன்னாடா முனுசாமி, இப்டியே புடுங்கிக்கினு இருந்தா ரெண்டு பேரும் ஃபெயிலுதான். கணக்கும் சயின்ஸும் எனக்கு. தமிழு, இங்கிலீஷு, சரித்திரம் உனக்கு. ஆளுக்குப் பாதியக் கரைச்சிக் குடிச்சிட்டு, தை மாசம் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக் குடுத்துக்கலாம். அதுவரிக்கும் என் பொஸ்தகத்தத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்!"

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது அன்றைக்கு! கணக்கு வகுப்பில்கூட நான் மேஜைக்கடியில் சரித்திரப் புத்தகத்தைத்தான் விரித்து வைத்திருந்தேன். காதர் கேட்டுக்கொள்கிறான், தையில் எனக்குச் சொல்வான் என்று அத்தனை நம்பிக்கை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனாய். விஷ ஜுரம் என்று மாமாவுக்கு ஆள் வந்தது. மறுநாள் கடையைப் பூட்டிக்கொண்டு அவர் கிளம்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் பண்ணிவிட்டார்கள். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையேடா.

உன் அம்மா அழுதுகொண்டே உன் கணக்கு நோட்டை என் கையில் கொடுத்தார்கள். அதை இங்கே வந்து பிரித்துப் பார்த்தேன். எல்லாக் கணக்குக்கும் விடை மட்டும்தான் இருந்தது, போட்ட வழி இல்லை. நீதான் கணக்கைச் சிலேட்டில் போட்டுப் பார்த்து, விடையை நோட்டில் எழுதிவிட்டு, சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துவிடுவாயே, தாள் மிச்சம் என்று! சரியான விடைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எப்படி வந்தன என்று கேட்க ஆள் இல்லை.

வேறு யாரிடமாவது கற்றுக்கொண்டால் என்ன என்பாய். போனேன். ஒரு டியூஷன் வாத்தியார், பிறகு இன்னொருவர். எண்களைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறேன், காதரு. இது அவன் பாடம், அவன் வந்து சொல்வான் என்று மனசு முரண்டு பிடிக்கிறது. இப்போது நயா பைசா வேறு வந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தையே மாற்றி எழுதப் போகிறார்களாம். அப்புறம் உன் நோட்டும் உதவாது.

லட்சியம் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அதைப் பாதி பாதியாகப் பிரித்து இன்னொருவன் கையில் கொடுக்காதே என்று யாராவது சொன்னார்களா? நமக்கே தெரிந்திருக்க வேண்டும். கோபம் உன்மேலா, என்மேலா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அப்பா சொல்லிவிட்டார். "போதும்டா. வயசு ஏறிக்கினே போவுது. வூட்டுக்கு வந்து பூ கட்டு." நான் போகவில்லை. உன் மாமா கடையில்தான் துணி கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் முறை தோற்றபோது உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். "இன்னா தம்பி, பாஸாயிட்டியா?" என்று ஓடி வந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து எப்படியடா சொல்வேன்? பாஸ் என்று சொல்லிவிட்டேன். "என் புள்ளையே பாஸானா மாதிரி கீது" என்று என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த வருஷம் வேலை கிடைத்ததா என்றார்கள். கேளம்பாக்கத்தில் வாத்தியார் என்றேன். மாமாவுக்கு எல்லாம் தெரியும். "வுடு முனுசாமி, அந்த ஒரு சந்தோசமாவது இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அந்தப் பொய்யை நிஜமாக்கிவிடலாம் என்றுதான் மறுபடி மறுபடி பரீட்சை எழுதினேன். இனி எழுத மாட்டேன். என்னால் ஆகாது.

இந்த நோன்புப் பெருநாளுக்கும் போயிருந்தேன். பிரியாணியைத் தட்டில் வைத்துவிட்டு உன் அம்மா எதிரில் உட்கார்ந்தார்கள். "உன் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குக் கணக்க மட்டும் நல்லா சொல்லிக் குடு தம்பி. எம்புள்ளைக்குக் கணக்குன்னா உசுரு" என்றார்கள். "சொல்லிக் குடுக்கிறேம்மா" என்றேன்.

அவர்கள் கண் மூடும்வரை வருஷா வருஷம் போவேன். பசங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டால், கணக்கில் எல்லோரும் புலி என்பேன். இது சத்தியம் காதரு. இதில் மட்டும் நான் தோற்க மாட்டேன்.

உன் அம்மாவுக்கு மட்டும் வாத்தியாராக இருக்கும்,
உன் கூடப்பிறக்காத தம்பி
முனுசாமி